தக்கை சொல்லும் சேதி

கொச்சியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் மீன் உண்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மீனோடு நமக்குள்ள பழக்கம் பெரும்பாலும் சந்தையோடு முடிந்துவிடுகிறது. மத்தி என்ன விலை, அயிலை புதியதா என்று கேட்கிறோம். வெட்டிக் கழுவி வாங்கி வந்து புளிக்குழம்பு வைத்து உண்கிறோம். அந்த மீன் எங்கே பிறந்தது, எந்த நீரில் வளர்ந்தது என்று நினைப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கோ கடையில் கிடப்பதெல்லாம் 'ஃபிஷ்'தான். ஊர்க் குளத்துக் கெண்டையின் பெயரும் தெரியாது. இந்த ஊர்க் காயலில் துள்ளும் மீனின் பெயரும் தெரியாது.

இந்தக் குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. அதுதான் தக்கை கட்டிய தூண்டில். தூண்டில் போடுவது வேலையற்றவன் வேலை என்று நம்மவர்கள் சிலர் நினைப்பதுண்டு. தக்கையைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நீர் எப்போது ஏறுகிறது, எப்போது நிற்கிறது, அடியில் சேறா மணலா, வந்திருப்பது எந்த மீன் என்பதையெல்லாம் அந்தச் சிறு துண்டு சொல்லிவிடும்.

நான் குடியிருப்பது தேவராவில். எர்ணாகுளத்தின் தென்கோடியில், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்தாற்போல் இருக்கும் பகுதி இது. மேற்கே வெல்லிங்டன் தீவு, அதற்கும் அப்பால் மட்டாஞ்சேரி. தேவரா ஃபெரிக்கு எதிர்க்கரையில் நெட்டூர். பாலங்கள் வருவதற்கு முன்பு படகுதான் இங்கே பஸ். அந்தக் காலத்திலிருந்தே தூண்டில் போட்டு வருபவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சேட்டன். அவரிடம் கற்றதையும், தை மாதத்து ஞாயிறு ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு படகுத்துறையில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த மீன்?

நாங்கள் தேடிப் போனது மடவை. பழவேற்காட்டிலிருந்து இராமநாதபுரம் வரை கழிமுகம் உள்ள ஊர்க்காரர்களுக்கெல்லாம் பழக்கமான மீன். இங்கே பெரிய வகையைத் திருத என்றும், அதன் சிறிய உறவுகளைக் கணம்பு என்றும் சொல்கிறார்கள். சந்தையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். திருதவின் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டதுபோல் கொழுப்புச் சவ்வு ஒன்று கண்ணைப் பெரும்பாலும் மூடியிருக்கும். கணம்பு வகைகளில் இது பெரும்பாலும் இவ்வளவு தடிப்பாக இராது.

உருண்டு நீண்ட உடல், மேற்புறம் தட்டையான தலை, சாம்பல் நிற முதுகு, வெள்ளி வயிறு. முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்புகள். முன்துடுப்பில் நான்கு முட்கள். வாய் மிகவும் சிறியது, உதடு மென்மையானது. இந்த வாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் வித்தை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

திருதவின் அறிவியல் பெயர் முகில் செபாலஸ். வானத்து முகிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லத்தீன் மொழியில் மடவைக்கு 'முகில்' என்று பெயர். உலகின் வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. தைவானிலும் ஜப்பானிலும் இதன் சினையை உப்பிட்டு உலர்த்தி, கட்டித் தங்கம்போல் விலை வைத்து விற்கிறார்கள். இத்தாலியிலும் அந்த வழக்கம் உண்டு. எகிப்தியர்கள் வசந்த விழாவுக்கு மடவையை உப்பிலிட்டுப் புளிக்கவைத்து உண்கிறார்கள்; நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பிரேசில் நாட்டு லகூனா என்ற ஊரில் டால்பின்கள் மடவைக் கூட்டத்தைக் கரையை நோக்கி ஓட்டிவர, மீனவர்கள் காத்திருந்து வீச்சுவலை வீசுகிறார்கள். தப்பி ஓடும் மீன் டால்பினுக்கு, வலையில் விழுந்தது மனிதனுக்கு. பல தலைமுறையாக நடக்கும் கூட்டுத்தொழில் இது.

கடலில் பிறப்பு, காயலில் வளர்ப்பு

மடவையின் வாழ்க்கை நம் கதையைப் போன்றது என்று என் மனைவி சொல்வதுண்டு. பிறந்தது ஓரிடம், பிழைப்பது வேறிடம்.

வளர்ந்த மடவை கூட்டமாகக் கடலுக்குச் சென்று முட்டையிடுகிறது. ஒரு பெரிய பெண் மீன் 5 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் வரை இடும். முட்டைகள் கடல்நீரில் மிதந்து பொரிகின்றன. குஞ்சுகள் ஓர் அங்குல அளவு ஆகும்போது கரையை நாடி வந்து, நீரேற்றத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்து காயலில் பரவுகின்றன. இந்த ஊர்க்காரர்கள் முகத்துவாரத்தை அழிமுகம் என்பார்கள். காயலில் உணவு அதிகம், பெரிய எதிரிகள் குறைவு. சில ஆண்டுகள் வளர்ந்த பிறகு மறுபடி கடலுக்கு. எனவே மடவைக்குக் கடலும் வேண்டும், காயலும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே திறந்த வாசலும் வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டாலும் அதன் வம்சம் குறையும்.

கொச்சியின் வாசல் ஏறக்குறைய 450 மீட்டர் அகலமுள்ளது. 1341-ஆம் ஆண்டு பெரியாற்று வெள்ளத்தில் இது உருவாயிற்று என்பது வழங்கிவரும் செய்தி. அதன் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டி, பெருங்கப்பல்கள் உள்ளே வர 1928-இல் வழி செய்தார்கள். 1920-இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் வேலை அது. காயலைத் தோண்டி எடுத்த மண்ணில் எழுந்ததுதான் தேவராவுக்கு எதிரே தெரியும் வெல்லிங்டன் தீவு. கப்பலுக்காக ஆழப்படுத்திய அதே வாசல் வழியாகத்தான் மடவைக் குஞ்சும் வருகிறது.

உணவு விஷயத்தில் இது ஒரு விசித்திரப் பிறவி. மற்ற மீன்களைத் துரத்தித் தின்னாது. சேற்றின் மேல்படலத்தை உறிஞ்சி, அதிலுள்ள பாசி, நுண்ணுயிர், மக்கிய துகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிடும். படகுத்துறைத் தூண்களில் படிந்த பாசியையும் உதட்டால் சுரண்டும். கோழிக்கு இருப்பதுபோல் தடித்த தசையுள்ள அரைவைப் பை இதன் வயிற்றில் இருக்கிறது. விழுங்கிய மணல் அங்கே அம்மிக்கல்லாக உதவுகிறது.

என்னென்ன வேண்டும்?

செலவு அதிகமில்லை. பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கழி போதும். கடையில் விற்கும் ஃபைபர் கழியும் இருக்கலாம். நரம்பு மெல்லியதாக இருக்கவேண்டும். நம் கடற்கரை ஊர்களில் தங்கூசி என்கிறோமே, அதே நைலான் நரம்புதான். கனத்த நரம்பைக் கண்டால் மடவை விலகிப்போகும்.

முள் சிறியதாக இருக்கட்டும். கடையில் 8, 10 என்று எண் சொல்லிக் கேளுங்கள். இந்த அளவுகளில் எண் கூடக்கூட முள் சிறுக்கும். பெரிய மீனுக்குப் பெரிய முள் என்ற கணக்கு மடவையிடம் செல்லாது. அதன் வாய்க்குள் நுழையவேண்டும் அல்லவா?

அடுத்து தக்கை. ஊரில் மயிலிறகின் தண்டையும் நெட்டியையும் கட்டிய நினைவு பலருக்கு இருக்கும். இந்த ஊரில் இதற்குப் பொங்ஙு என்று பெயர். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மெலிந்து நீண்ட தக்கை நல்லது. அதற்குக் கீழே நெல்மணி அளவு ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்துவிட்டு, தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி செய்யவேண்டும். தக்கை மிதப்பாக நின்றால் மீன் இரையை உறிஞ்சும்போது கனம் தட்டும், உடனே துப்பிவிடும்.

இரைக்கு மண்புழு வேண்டாம். புழுவுக்கும் இறாலுக்கும் ஏட்ட எனப்படும் கெளுத்திதான் முதலில் வரும். அதன் முள் குத்தினால் அன்றைய நாள் போயிற்று. மைதாவோ கோதுமையோ கெட்டியாகப் பிசைந்து, பட்டாணியில் பாதி அளவு உருட்டி, முள்ளின் முனை மறையும்படி செருகவேண்டும். ரொட்டித் துண்டையும் கிள்ளிச் செருகலாம். இதைத் தவிர, மீனைக் கூட்டுவதற்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் முந்தின இரவே ஊறவைத்துக் கொள்ளவேண்டும். இவ்வளவோடு ஒரு வாளி, நீண்ட காம்புள்ள சிறு கைவலை. மடவையை நரம்பைப் பிடித்து மேலே தூக்கினால் உதடு கிழிந்து நீரில் விழுந்துவிடும். கைவலையில் ஏந்தித்தான் எடுக்கவேண்டும்.

கடிகாரம் அல்ல, நீரேற்றம்

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் போனால் மீன் கிடைக்கும்?" என்பதுதான். சேட்டன் இதற்கு மணி சொல்லமாட்டார். திதி கேட்பார்.

கொச்சியில் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை இறங்கும். இரண்டு ஏற்றமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய நாட்களிலேயே ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுக்கும்; அஷ்டமியை ஒட்டித் தளரும். அமாவாசை, பௌர்ணமியை இவர்கள் 'வாவு' என்கிறார்கள். நம் ஆடி அமாவாசை இவர்களுக்குக் கர்க்கடக வாவு. நம் பழந்தமிழில் 'உவா' என்று இருந்த சொல் இங்கே இன்னும் தினப்புழக்கத்தில் இருப்பதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி. பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் இறாலும் விளைவிப்பவர்களும் இந்த வாவு பார்த்துத்தான் மதகில் வலை கட்டுகிறார்கள்.

பருவமும் பார்க்கவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்று வெள்ளம் காயலை நன்னீராக்கிவிடும். ஆகாயத்தாமரை மிதந்து வந்து துறையை அடைத்துக்கொள்ளும். தக்கை போட இடமிராது. கார்த்திகைக்குப் பிறகு கடல்நீர் மெல்ல உள்ளே வர, உப்புத் தாங்காமல் ஆகாயத்தாமரை வாடும். தை முதல் சித்திரை வரை நல்ல காலம்.

அந்த ஞாயிறு

தை அமாவாசை கழிந்த ஞாயிறு அது. விடிந்தும் விடியாத நேரத்தில் துறைக்குப் போனோம். நீர் நன்றாக வற்றியிருந்தது. தூண்களில் ஒட்டிய முருங்கைச் சிப்பிகளும் அவற்றுக்கு மேலே பச்சைப் பாசியும் வெளியே தெரிந்தன. சேட்டன் என் மகளை அழைத்து, அந்தப் பாசியில் சிறுசிறு கீறல்கள் இருப்பதைக் காட்டினார். நேற்றைய ஏற்றத்தில் கணம்பு மேய்ந்த தடம். "இவிடெ வரும்," என்றார். வேறு அடையாளம் அவருக்குத் தேவைப்படவில்லை.

புண்ணாக்கு உருண்டை இரண்டை நீரோட்டத்துக்கு மேல்பக்கமாகப் போட்டார். கரைந்து எங்கள் முன்னால் வரும்படியான கணக்கு. பிறகு ஆழம் பார்த்தார். முள்ளில் ஈயத்தை மாட்டி இறக்கி, தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரை தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வைத்தார். என் தூண்டிலுக்கும் மகளின் தூண்டிலுக்கும் அப்படியே செய்துகொடுத்தார்.

முதல் அரைமணி நேரம் தக்கை அழிமுகத்தின் பக்கம் சாய்ந்தே நின்றது. பிறகு நிமிர்ந்தது. சிறிது நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் எதிர்ப்பக்கம், உட்காயலை நோக்கிச் சாய ஆரம்பித்தது. "அப்பா, தண்ணி திரும்பிடுச்சு!" என்றாள் மகள். ஏற்றவற்றத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். ஆனால் கடல் திரும்புவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பின் தக்கை பேசத் தொடங்கியது. அதன் மொழி மூன்று வகை. தக்கை படபடவென்று நடுங்கினால் அது பள்ளத்தி போன்ற சிறுமீன் கொத்துவது, விட்டுவிடவேண்டும். நின்ற தக்கை எழும்பிப் படுத்துக்கொண்டால் கீழேயிருந்து இரையை ஏதோ தூக்குகிறது, பெரும்பாலும் கரிமீன். தக்கை ஓசைப்படாமல் ஒரு பக்கமாக நழுவி, நுனி மெல்ல முழுகினால் அது மடவை. அப்போதும் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மணிக்கட்டை மட்டும் உயர்த்தி நரம்பை இறுக்கினால் போதும்.

பள்ளத்திகள் இரண்டுமுறை மாவைத் தின்றுவிட்டுப் போயின. மூன்றாவது முறை மகளின் தக்கை சறுக்கிக்கொண்டு போயிற்று. அவள் கழியைத் தூக்கப் போகும்போதே, "மோளே, வலிக்கல்லே, பதுக்கெ," என்றார் சேட்டன். இழுக்காதே, மெதுவாக என்று பொருள். மீன் ஓடியது, கழி வளைந்தது, மீன் திரும்பியது. அவள் கழியை உயர்த்திப் பிடித்தபடி நிற்க, நான் கைவலையை நீரில் ஆழ்த்தி வைத்தேன். வலையை மீனிடம் கொண்டுபோகக் கூடாது, மீனைத்தான் வலைக்குக் கொண்டுவரவேண்டும் என்பது இன்னொரு பாடம். ஒரு சாணுக்கும் மேலான கணம்பு. வெள்ளித் தகடு போல் மின்னியது.

ஒன்பதரை மணிக்குள் எங்கள் மூவருக்குமாக நான்கு கணம்பு. ஒன்று சிறியது, திரும்ப விட்டோம். சேட்டனுக்கு மட்டும் முக்கால் கிலோ அளவில் ஒரு திருத. அது மாட்டியதும் நீருக்கு மேலே இரண்டுமுறை துள்ளியது. அவர் அவசரப்படவே இல்லை. அது ஓடிய பக்கமெல்லாம் கழியைச் சாய்த்துக் கொடுத்து, துறையின் ஓரமாக நடந்து, களைத்த பிறகுதான் கரைக்கு அழைத்தார்.

"இதை நாம சாப்பிடலாமா?"

வாளியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "சேத்தைத் தின்னுற மீன்னு சொன்னீங்களே அப்பா, இதை நாம சாப்பிடலாமா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் காயலைப் பற்றிக் கேட்கவேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. மற்ற மீன்கள் இரையின் வழியாக நீரின் குறைநிறைகளைப் பெறுகின்றன. மடவையோ சேற்றையே உறிஞ்சுகிறது. அந்தச் சேற்றில் சாக்கடையின் கசடும் ஆலைக் கழிவும் படிந்திருந்தால் அவை நேராக அதன் வயிற்றுக்குப் போகும்.

சேட்டன் பதில் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினார். கரையோரமாகத் தள்ளி ஓடை ஒன்று காயலில் கலக்கும் இடம். அங்கே நீர் கருத்திருந்தது. "அவிடெ மீன் கூடுதல் உண்டு சாரே. பக்ஷெ நமக்கு வேண்டா," என்றார். அங்கே மீன் அதிகம் என்பது உண்மை. மக்கும் கழிவு கூடுதலாக இருக்குமிடத்தில் மடவை கூடும். ஒரு மணி நேரத்தில் வாளி நிறையும். அந்த வாளியைத்தான் அவர் வேண்டாம் என்கிறார். நீர் ஓட்டமுள்ள, கடல் ஏற்றம் நேராக வந்து கழுவிச் செல்லும் துறையில்தான் தூண்டில் போடுவது என்பது அவர் வைத்திருக்கும் விதி. என் மகளிடம் நானும் அதையே சொன்னேன்: இந்த இடத்து மீனை உண்ணலாம், அந்த இடத்து மீனை உண்ணவேண்டாம்.

ஆனால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. அதுதான் கவலை. தேவரா–பேரண்டூர் கால்வாய் ஒருகாலத்தில் வள்ளங்கள் போய்வந்த நீர்வழி. பிறகு நகரத்தின் கழிவு அதில் இறங்கியது. கொச்சியின் கால்வாய்களைச் சீரமைக்கும் திட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வடக்கே பெரியாற்றில், ஏலூர்–எடயார் தொழிற்பேட்டைப் பகுதியில், 2024 மே 20, 21 தேதிகளில் மீன்கள் ஏராளமாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்த குடும்பங்கள் ஒரே இரவில் முதலை இழந்தன. பாதாளம் தடுப்பணை திறந்ததும் நீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது பனங்காட்டிலுள்ள கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகம்.

தெற்கே வேறு விதமான சிக்கல். குட்டநாட்டு நெல்லைக் கடல் உப்பிலிருந்து காக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பு 1976 முதல் செயல்படுகிறது. கோடை மாதங்களில் அதன் கதவுகள் மூடியிருக்கும்போது நெல் பிழைக்கிறது. ஆனால் மடவையும் இறாலும் உள்ளே போகவும் வெளியே வரவும் முடிவதில்லை. விவசாயிக்கும் மீனவனுக்கும் நடுவே கதவை எப்போது திறப்பது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரு தரப்பிலும் வயிற்றுப்பாடு இருக்கிறது. வேம்பநாட்டுச் சதுப்புநிலம் 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது; உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்ற பெருமை அது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் நீர் தெளிந்துவிடாது.

பண்ணையில் வளர்த்தால் போயிற்று என்று சிலர் சொல்லலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் மடவையைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் காயலில் தானாக வந்து வளரும் மீன் யாரும் தீவனம் போடாமல் வளர்வது. அதை நம்பித்தான் சின்ன வள்ளக்காரர்கள் வாழ்கிறார்கள்.

இதில் நமக்கென்ன, நாம் வந்து குடியேறியவர்கள்தானே என்று ஒதுங்க முடியாது. நம் அடுக்குமாடி வீட்டுக் குழாயின் மறுமுனை இந்தக் காயலில்தான் இருக்கிறது. உங்கள் குடியிருப்பின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் தினமும் ஓடுகிறதா, அல்லது மின்கட்டணம் மிச்சம் என்று நிறுத்திவைக்கிறார்களா? கழிவுத்தொட்டியைக் காலிசெய்ய வரும் லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? வீட்டில் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பின்

மடவையை வெட்டும்போது வயிற்றின் உட்புறம் கருப்புச் சவ்வு ஒன்று இருக்கும். கசப்பும் சேற்று வாடையும் அதில்தான் அதிகம். கல்லுப்பு போட்டு விரலால் தேய்த்து முழுவதும் நீக்கவேண்டும். பிறகு மஞ்சளும் உப்பும் தடவிக் கால்மணி நேரம் வைத்துக் கழுவினால் வாடை போகும். குடலை உண்ணவேண்டாம்.

சேட்டன் வீட்டில் குடம்புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சட்டியில் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கிப் புளிக்குழம்பு. அன்று இரண்டு சட்டியும் மதிலுக்கு மேலே கைமாறின. கொழுப்புள்ள மீன் என்பதால் புளிப்பு தூக்கலாக இருந்தால்தான் சுவை. மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

போகும்முன் சில வார்த்தை

பயணிகள் ஏறி இறங்கும் இடத்தில் தூண்டில் வீசாதீர்கள்; பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்தே கழியை ஓங்குங்கள். கடற்படை, துறைமுகப் பகுதிகளில் அனுமதியின்றி நிற்கக் கூடாது. பாசி படிந்த படியில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஏற்றம் பிடித்த காயலில் நீந்தத் தெரிந்தவருக்கும் கால் நிலைக்காது. அறுந்த நரம்பைக் காயலில் விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்க்க ஆளில்லை. விஷம், வெடி, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்காவது கண்டால் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். ஒரு சாணுக்குக் குறைந்த மடவையை, கை ஈரமாக்கிப் பிடித்து, நீரிலேயே விட்டுவிடுங்கள். அது இன்னும் கடலுக்குப் போய் வரவில்லை.

மாசி, பங்குனி மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்து வரும் விடுமுறை நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய நீரேற்ற நேரத்தை அட்டவணையில் பார்த்து, ஏற்றம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே துறைக்குப் போய்விடுங்கள். தொப்பி, குடிநீர், பிசைந்த மாவு மூன்றும் மறக்கவேண்டாம். பிள்ளைகளிடம் தூண்டிலைக் கொடுத்துவிட்டு, தக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் முதலில் கேளுங்கள்.